கோச்சு வண்டியின் இடது கதவு

உங்களில் பாதிப் பேருக்கு இப்போது காது கேட்பதில்லை. கேட்கிற மீதிப் பேராவது கேளுங்கள். போன மாதம் மருமகனின் பழைய காரில் பங்காருபேட்டை வரைக்கும் போனேன். எங்கள் சுரங்க ஊரின் பாலகாட்டைத் தாண்டுவதற்குள் எங்கிருந்தோ டொக், டொக் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மருமகன் தன்பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தச் சொன்னேன். "பழைய வண்டின்னா சத்தம் இல்லாம இருக்குமா அத்தே" என்று சிரித்தார். அவர் மேல் தப்பில்லை. சத்தம் போடுகிற வண்டிக்குள் என்னை வைத்துச் சாத்திய கதை அவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா முதலில் தங்கச் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர். ஒரு நாள் ஆட்களைக் குழிக்குள் இறக்குகிற கேஜ் கூண்டு பாதி ஷாஃப்டில் நின்றுபோனது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. கும்மிருட்டில் பாதி ஷிஃப்ட் நேரம் ஒருவர் மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டு நின்றார்களாம். அதற்குப் பிறகு நைனாவால் கதவைச் சாத்திய அறையில் உட்கார முடியாது. எங்கள் மூங்கில் தட்டி வீட்டில்கூட வாசற்படியில் தலை வைத்துத்தான் படுப்பார். குடியாத்தத்தில் அவருடைய அப்பா ஜட்கா ஓட்டியவர் என்பதால் குதிரை பழக்கம் இருந்தது. அந்தப் புண்ணியத்தில் ஒரு துரையின் கோச்சு வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்தது. வெயிலில் காய்ந்தாலும் மழையில் நனைந்தாலும் தலைக்கு மேல் வானம் இருந்தால் போதும் அவருக்கு.

அந்தக் கோச்சு நான்கு பக்கமும் மூடிய கறுப்புப் பெட்டி. இரண்டு பக்கமும் கதவு. கதவில் கண்ணாடி. தோல் வாரைத் தளர்த்தினால் கண்ணாடி அப்படியே கதவின் வயிற்றுக்குள் இறங்கிவிடும், இழுத்தால் ஏறிக்கொள்ளும். துரை வாங்கும்போதே அது இன்னொருவர் ஓட்டித் தேய்த்த வண்டி. எல்லா மூட்டிலும் வலி உள்ள கிழவி மாதிரி ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒவ்வொரு விதமாக முனகும்.

துரைசானிக்கு அந்த வருஷம் தலைவலி வந்துவிட்டது. அவர்களுடைய ஒரே பையனைப் படிக்க வைப்பதற்காகக் கப்பல் ஏற்றிச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளை. அதிலிருந்து அந்த அம்மாளுக்கு எந்தச் சத்தமும் ஆகவில்லை. வண்டியில் உட்கார்ந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். கோடை பிறந்ததும் ஒரு நாள் துரை நைனாவைக் கூப்பிட்டார். துரைக்குத் தெரிந்த தமிழ் ஒரு கைப்பிடிதான்.

"ஞாயித்துக்கிழமை வண்டி சத்தம் இருக்கு, நீ கீழே போ" என்றார்.

கீழே என்றால் சுரங்கத்துக்குள் என்று எங்கள் கூலி லைனில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும். நைனா வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

சத்தத்தைக் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. ஓட்டுகிறவர் வெளியே உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சத்தம் கேட்பதோ உள்ளே. அதுவும் கதவையும் கண்ணாடியையும் சாத்தினால்தான் சரியாகக் கேட்கும். உள்ளே உட்கார ஓர் ஆள் வேண்டும். நைனாவால் முடியாது. அம்மாவுக்குக் கைக்குழந்தை, என் தம்பி. அதனால் என்னை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். தன்னால் ஒரு நிமிஷம் இருக்க முடியாத பெட்டிக்குள் பெற்ற மகளை வைத்துச் சாத்துகிறோமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பயந்த மனிதன் தன் பயத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டான், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் மில்லின் இடிச் சத்தம் ராத்திரி பகல் ஓயாது. பாறையைப் பொடியாக்குகிற அந்த உலக்கைகள் நின்றால்தான் நாங்கள் திடுக்கிட்டு விழிப்போம். அதற்கு நடுவில் ஒரு கதவின் சத்தத்தைத் தேட முடியுமா? அதனால் பூதிகோட்டைச் சாலையில் வெகுதூரம் போய்விடுவோம். இரண்டு பக்கமும் கேழ்வரகு வெட்டிய காய்ந்த வயல். உள்ளே எனக்கு வேகும். தோல் மெத்தையின் வாடை, அந்துருண்டை வாடை, துரைசானி பூசுகிற ஏதோ ஒரு பூத்தண்ணீரின் வாசனை, மூன்றும் சேர்ந்து குமட்டும். உள்பக்கம் கைப்பிடி சின்னதாக, இறுக்கமாக இருக்கும். எனக்கு அதைத் திருப்ப வராது. சத்தம் வலது பக்கம் என்றால் கூரையின் வலது ஓரத்தைத் தட்ட வேண்டும், இடது பக்கம் என்றால் இடது ஓரத்தை. நைனா திறந்தால்தான் வெளியே வரலாம்.

முதலில் வில்பட்டைகள் கிரீச்சிட்டன. நைனா அடியில் படுத்து ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் உளியை நுழைத்துத் தூக்கி விளக்கெண்ணெய் விட்டார். அது அடங்கியதும் விளக்குத் தண்டு கிணுகிணுத்தது. அதற்கு ஈரத்தோல் வைத்து இறுக்கினார். பிறகு காலை வைத்து ஏறுகிற படி. பிறகு கண்ணாடிகள். ஒரு நாய் வாயை மூடினால் அடுத்த தெரு நாய் ஆரம்பிக்கிற கதைதான். கண்ணாடி ஆடாமல் இருக்கக் கம்பளித் துண்டு வேண்டும். நைனா தன்னுடைய போர்வையையே கிழித்தார். சிவப்புக் கரை போட்ட கம்பளி அது. குளிர் காலத்தில் அதைப் போர்த்திக்கொண்டு வண்டி மேல் அவர் உட்கார்ந்திருப்பதை ஊரே பார்த்திருக்கிறது.

எல்லாம் அடங்கிய பிறகும் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. இடது கதவில் டொக், டொக். வண்டி திரும்பும்போது மட்டும் கேட்கும்.

இங்கே எங்கள் எதிர்வீட்டுக்காரர் கதையைச் சொல்லிவிட வேண்டும். காற்றில் கூரைத் தட்டி பறக்கிறது என்று மேலே வைக்க ஒரு வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்தார் அந்த மனிதர். சுரங்கத்துக் குப்பை மேட்டில் கிடந்த கல். சோதனைக்கு வந்த போலீஸ்காரர்கள் அதைத் திருப்பிப் பார்த்தபோது ஓரத்தில் ஏதோ மினுங்கியது. ஜெயிலுக்குப் போய்விட்டார். சட்டத்துக்கு அவர் வைத்திருந்தார் என்பது போதும், எப்படி வந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். மூக்குத்தி அளவு தங்கம்கூட அந்தக் கல்லில் இருந்திருக்காது. அவர் மனைவி அந்தக் கூரையைக் கட்டவே இல்லை, காற்று கொண்டுபோனதும் ஊருக்குப் போய்விட்டாள்.

சரி, இடது கதவு. சனிக்கிழமை காலை அதே சாலையில் வண்டியை நிறுத்தி நைனா அந்தக் கதவின் கண்ணாடியைக் கழற்றி எடுத்தார். கண்ணாடி இறங்குகிற இடுக்கில் அவர் கை நுழையவில்லை. என் கை தோள் வரைக்கும் போயிற்று. அடியில் விரல் பட்டது.

"நைனா, துணி முடிச்சு ஒண்ணு கீது."

"எடு."

"கனமா கீது நைனா."

மேலே இழுத்து அவர் கையில் வைத்தேன். அழுக்கேறிய துணி. நூலைச் சுற்றிச் சுற்றி, மேலேயும் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. எலுமிச்சம்பழ அளவுதான். நைனாவின் கை அதன் கனத்தில் தாழ்ந்ததைப் பார்த்தேன். அவர் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவுக்கட்டா நைனா?"

"தொடாத. பாத்தா பாத்தவங்க ஆயிடுவோம்."

வேறு ஊர்க்காரனாக இருந்தால் அவிழ்த்துப் பார்த்திருப்பான். தங்கச் சுரங்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. சின்னதாக இருந்துகொண்டு கனமாக இருந்தால் அது தங்கம். முடிச்சுப் போட்டிருந்தால் திருட்டுத் தங்கம். துரையின் கோச்சைச் சுரங்க வாசல் காவல்காரன் சோதிக்க மாட்டான், சலாம் போட்டு விடுவான். அப்படியானால் எவனோ பெரிய திருடன் ஒருவன் இந்த வண்டியை வழியாக வைத்திருக்கிறான். நைனாவுக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. புரிந்ததில் ஒன்றுகூட உண்மை இல்லை என்பது வேறு விஷயம்.

துரையிடம் கொடுத்தால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். குளத்தில் வீசினால், வைத்தவன் வந்து கழுத்தைப் பிடிப்பான். வீட்டுக்குக் கொண்டுபோக அவர் என்ன பைத்தியமா? வெகுநேரம் குதிரை புல் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முடிச்சை என்னிடமே கொடுத்து எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். மிச்சம் இருந்த கம்பளியைக் கிழித்துக் கிழித்து என் கையில் கொடுத்தார். அதை நான் இடுக்கு வழியாக அடைத்து அடைத்து, முடிச்சு அசைய முடியாதபடி செய்தேன்.

"யார்கிட்டயும் சொல்லாத. உங்கம்மாகிட்ட கூட" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோச்சு சத்தமே இல்லாமல் சர்ச்சுக்குப் போயிற்று. துரை நைனாவின் தோளில் தட்டினார். நைனா சிரித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அன்றைக்குத்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். நன்றாக யோசித்துப் பாருங்கள். கதவுக்குள் இருப்பது நைனாவின் கம்பளி, சிவப்புக் கரையோடு. இனி யார் திறந்தாலும் அது அவர் பெயரைத்தான் சொல்லும். அதனால் வேறு யாரும் வண்டியைத் தொடக் கூடாது. வேறு யாரும் ஓட்டக் கூடாது. துடைக்கவும் கூடாது. காய்ச்சலிலும் எழுந்து போவார். காவல்காரன் சலாம் போடும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு முதுகு நனைந்துவிடும். எந்தத் திருடன் வந்து கேட்பானோ என்று வழியில் யார் கை காட்டினாலும் வண்டியை நிறுத்த மாட்டார். கேஜுக்குப் பயந்து மேலே வந்த மனிதர் வானத்தின் கீழ் உட்கார்ந்துகொண்டே பாதி ஷாஃப்டில் தொங்கினார்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பொண்டாட்டி புள்ளய விட அந்த மரப்பொட்டிதான் ஒசத்தியா கீது" என்பாள். என்னைப் பார்த்துச் சொல்வாள். நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

ஆடி மாதத்தில் தாத்தா, அம்மாவின் அப்பா, குடியாத்தத்தில் இறந்துபோனார். ரயிலில் வந்த ஒருவர் சேதி சொன்னார். அம்மா அழுகையை அடக்கிக்கொண்டு மூட்டை கட்டினாள். நைனா வாசலில் நின்றார்.

"நீ போய்னு வா. நான் வர முடியாது" என்றார்.

"இன்னா பேசற நீ? மருமவன் இல்லாம எங்கப்பனுக்குக் கோடி யாரு போடறது? துரைகிட்ட கேட்டா ரெண்டு நாளு குடுக்க மாட்டாரா?"

"குடுப்பாரு. வேற ஆளு வண்டி ஓட்டுவான்."

"ஓட்டட்டுமே. இன்னா இப்போ?"

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தாள்.

செத்தவர் மேல் மருமகன் புதுத்துணி போடுவது நம் வழக்கம். அதைப் போட வேண்டிய கை வரவில்லை என்றால் அது செத்தவருக்கு அவமானம், மகளுக்கு அதைவிட அவமானம். துணியை யாரோ பக்கத்து வீட்டுக்காரர் போட்டார். கூடத்தில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அம்மா வந்து நின்றபோது அந்த வட்டம் திறக்கவில்லை. அவளும் அழவில்லை. தனியாக அழ யாருக்கு வரும்? புதைத்துவிட்டு வந்த பிறகு மாமா, அம்மாவின் அண்ணன், எல்லார் முன்னாலும் சொன்னார்.

"குதிரைக்குப் புல்லு போடறவனுக்கு எங்கப்பன் மேல துணி போட நேரமில்ல. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத."

அன்றைக்கே ரயில் ஏறிவிட்டோம். ஜோலார்பேட்டை தாண்டும் வரைக்கும் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறந்தால் நைனா ஜெயிலுக்குப் போவார். திறக்காவிட்டால் அம்மா இப்படி உட்கார்ந்திருப்பாள். எட்டு வயதுப் பெண்ணுக்கு இது என்ன வேதனை என்று இன்று நினைத்தாலும் ஆறவில்லை எனக்கு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கிற்று. முன்பு அடியில் இருந்த ஓட்டை வழியாக வெளியே போன தண்ணீர் இப்போது கம்பளியில் ஊறி நின்றுகொண்டது. மரம் உப்பிப் போயிற்று. ஒரு நாள் பங்களா வாசலில் இடது கதவு திறக்கவே இல்லை. துரைசானி வலது பக்கம் இறங்கிச் சேற்றுக் குட்டையில் காலை வைத்தார். துரை ஒர்க்ஷாப்பிலிருந்து தச்சரை வரச் சொன்னார்.

"நானே பாத்துக்கறன் துரை" என்று நைனா கெஞ்சினார்.

"நீ குதிரை பாரு" என்றார் துரை.

நான் நைனாவுக்குக் கூழ் கொண்டுபோயிருந்தேன். குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். குதிரை அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தச்சர் உள்பக்கத்துப் பலகையை நெம்பிக் கழற்றினார். நாற்றம் பிடித்த கம்பளியை இழுத்து இழுத்து வெளியே போட்டார்.

"யாருப்பா இது, கதவுக்குக் குளிருதுன்னு கம்பளி போத்தினது?" என்று கேட்டுக்கொண்டே கையை விட்டவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். முடிச்சு கையில் வந்துவிட்டது. அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. கனத்தைப் பார்த்ததும் அதைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டார். துரையே குனிந்து எடுத்துப் பேனாக்கத்தியால் நூலை அறுத்தார்.

துணி இல்லை அது. குழந்தை போடுகிற கம்பளிக் காலுறை. அதற்குள்ளிருந்து ஈயத்தில் செய்த சின்னச் சின்னச் சிப்பாய்கள் விழுந்தன. ஒருவனுக்குக் குதிரை இருந்தது.

துரைசானி படியில் நின்றவர் இறங்கி வந்து மழை மண்ணில் அப்படியே உட்கார்ந்தார். சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். காலுறையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த மாதிரி அழுகையை நான் துரைசானிகளிடம் பார்த்ததில்லை. கப்பலுக்குக் கிளம்பிய அன்றைக்கு அந்தப் பிள்ளை தன் சிப்பாய்களைக் கட்டி இடுக்கில் போட்டிருக்க வேண்டும். எதற்காகப் போட்டான்? திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றா, சும்மா விளையாட்டாகவா, யாருக்குத் தெரியும். அந்தக் கோடை வரைக்கும் அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டது தன் பிள்ளையின் சத்தத்துக்குத்தான்.

துரை நைனாவைக் கூப்பிட்டுக் கம்பளியைக் காட்டினார். "சத்தத்துக்காக வெச்சன் துரை" என்றார் நைனா. துரை விழுந்து விழுந்து சிரித்தார். எடுத்துப் போட வேண்டியதைப் போர்த்தி வைத்திருக்கிறான் பார் என்று கிளப்பில் வெகு நாள் இதைச் சொல்லிச் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். எதிர்வீட்டுக்காரர் கூரையில் இருந்த கல் அவர்கள் தலையிலா விழுந்தது?

சாயங்காலம் நைனா வீட்டுக்கு வந்து, அடுப்பில் களி கிளறிக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. சொல்லும்போதே சிரிப்பு வந்தது அவருக்கு, பிறகு அழுகையும் வந்தது. அம்மா களிக்கோலை நிறுத்தவில்லை.

"அப்போ எங்கப்பனுக்குத் துணி போட நீ வராதது பொம்மைக்கா?" என்றாள்.

"தங்கம்னு நெனச்சன்மே."

அம்மா களியை உருட்டி எங்களுக்குப் போட்டாள். அவள் சாப்பிடவில்லை. நைனா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நாளைக்கே போலாம் வா. உங்கண்ணன் கால்ல வுழறன். நடந்தத நடந்தபடி சொல்றன்."

"சொல்லுவ. பொம்மைக்குப் பயந்துனு வரலன்னு சொல்லுவ. ஊரே கைதட்டிச் சிரிக்கும். எங்கப்பன் பேரும் சேந்து நாறும்." அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள். "கேட்டா தங்கம்னே சொல்லு. எவனோ வெச்ச தங்கத்த விட்டுட்டு வந்தா உசுரு போயிருக்கும், அப்பால சர்க்காரு வந்து எடுத்துனு போச்சுன்னு சொல்லு."

மூன்று பேரும் தம்பியைத் தூக்கிக்கொண்டு குடியாத்தத்துக்குப் போனோம். மாமா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நைனா தெருவில் நின்றபடியே சொன்னார். பொய் சொல்லிப் பழகாத மனிதர், ஆனால் அந்தப் பயத்தைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது, அது பொய்யில்லையே. மாமா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"நெசமாவே தங்கமா?"

நைனா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"தங்கம்னா நான் இன்னா சொல்றது" என்றார் மாமா. வாசலை விட்டு நகர்ந்தார்.

அம்மா உள்ளே போனாள். அத்தை, மாமாவின் மனைவி, முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். அம்மா அவர் தோளைக் கட்டிக்கொண்டு, மாதக் கணக்காக அடக்கி வைத்திருந்த அழுகையை அழுதாள். "யப்பா, யப்பா" என்று அவள் கத்தியது தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். நைனா உள்ளே வரவில்லை. தெருவிலேயே சுவரில் சாய்ந்து நின்று, அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.